குடாவில் இன்னும் ஒருவர்

என் மனைவி நிரஞ்சலா பெப்ரவரியில் இறந்தாள். வயது முப்பத்தொன்று. இது அதைப் பற்றிய கதை அல்ல. தெற்குக் கரை அமைதி ஆணையத்தைப் பற்றிய கதை.

ஆணையத்துக்கு இரண்டு வேலைகள். பிரான்சில் மார்செய்க்குக் கிழக்கே உள்ள கடற்கரைக்கு மக்களை வரச் சொல்வது ஒன்று. வருகிறவர்களைத் தடுப்பது மற்றது. இரண்டுக்கும் தனித்தனிப் பிரிவுகள் உண்டு. முதல் பிரிவு பரிஸ் நகரின் லா சப்பல் மெற்றோ நிலையத்தில் ஆளுயரப் படம் ஒன்றை ஒட்டியிருந்தது. வெள்ளைப் பாறைகள், ஒரு பைன் மரம், கண்ணாடிபோல் தண்ணீர். "துர்த்தெரெல் குடா உங்களுக்காகக் காத்திருக்கிறது" என்று எழுதியிருந்தார்கள். இரண்டாவது பிரிவு அதன் மூலையில் சிறிய துண்டு ஒன்றை ஒட்டியிருந்தது. "இயற்கையை நேசிப்பவர் வீட்டிலேயே இருப்பார்."

திரான்சியில் உள்ள முதியோர் இல்லத்தில் நிரஞ்சலாவுக்கு வேலை. தினமும் காலையில் அந்தப் படத்தைத் தாண்டித்தான் போவாள். குடாவுக்குப் போக ஆசைப்பட்டாள். கட்டணம் இல்லை. ஆனால் காலையில் நாற்பது பேர், மாலையில் நாற்பது பேர் மட்டுமே. பத்து நாள் முன்னதாக, காலை ஒன்பது மணிக்கு இணையத்தில் பதிவு திறக்கும். ஒன்பது மணிக்கு அவள் யாராவது ஒரு கிழவரைக் குளிப்பாட்டிக்கொண்டிருப்பாள். கையைத் துடைத்துவிட்டுப் பார்க்கும்போது எல்லாம் முடிந்திருக்கும். மூன்று கோடைகாலம் இப்படிப் போயிற்று.

நான் வேலை செய்வது ரூ பெர்தொனே தெருவில், பேர்ளி அக்காவின் கடையில். படிவம் நிரப்புவோம், கடிதம் எழுதுவோம், றோந்தேவு, அதாவது அலுவலகங்களில் சந்திப்பு நேரம், பிடிப்போம். வதிவிட அட்டை புதுப்பிக்க பிரிபெக்சர் என்ற அரச அலுவலகத்தின் இணையத்தில் நேரம் எடுக்க வேண்டும். அது சில விநாடிகள் தோன்றி மறைந்துவிடும். அந்தச் சில விநாடிகளில்தான் எங்கள் பிழைப்பு. என்னோடு வேலை செய்யும் றூபன் கண்ணை மூடிக்கொண்டும் பிடிப்பான்.

"குடாவுக்கு நான் பிடிச்சுத் தாறன்" என்று ஒருமுறை அவளிடம் சொன்னேன்.

"வேண்டாமப்பா. விசா காட் இல்லாமல் அந்தரிக்கிற சனத்துக்குப் பிடிக்கிறது வேற. கடல் பாக்கிறதுக்கெல்லாம் உங்கட கடை வித்தையைக் காட்டக் கூடாது. எங்கட முறை வரேக்கை போவம்."

முறை வரவில்லை. ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் சொன்னாள். "என்னை அங்கை விடுங்கோ. போட் பிடிச்சு நடுக்கடலிலை இல்லை. கால் நனைக்கிற இடத்திலை."

நான் சரி என்றேன்.

சாம்பலை வீட்டில் வைத்திருக்கச் சட்டம் இடம் கொடுக்காது. தகனசாலை ஒரு வருடம் வைத்திருக்கும். ஏப்ரலில் ஆணையத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். காத்திருக்கும்போது இசைக்குப் பதிலாக ஐம்பது நிமிடம் சில்வண்டுச் சத்தம் கேட்டேன். பிறகு ஒரு பெண் வந்தாள்.

"வணக்கம், ஆரெலி பேசுகிறேன். இயற்கை உங்களுக்கு எப்படி உதவலாம்?"

விஷயத்தைச் சொன்னேன். விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது.

"உங்கள் மனைவியை எந்த வகையில் பதிவது என்று பார்க்கிறேன். எங்களிடம் நான்கு வகை இருக்கிறது. பார்வையாளர், கைப்பை, கழிவு, செல்லப்பிராணி."

"பார்வையாளர்."

"பார்வையாளர் நான்கு மணித்தியாலத்தில் வெளியேற வேண்டும். வெளியேறுவாரா?"

"இல்லை."

"அப்படியானால் கைப்பை. ஆனால் உள்ளே கொண்டு போனதைத் திருப்பிக் கொண்டு வர வேண்டும். கழிவு என்றால் அபராதம், நான் சிபாரிசு செய்யமாட்டேன்." சற்று நிறுத்தினாள். நான் கேட்காமலே சொன்னாள். "செல்லப்பிராணிக்கு நேரக் கட்டுப்பாடு இல்லை. கழுத்துப்பட்டி கட்டாயம்."

தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"எங்கள் சேவையை ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பிட முடியுமா?"

மூன்றை அழுத்தினேன்.

விசேஷ அனுமதி கேட்டு எழுதும்படியும், மே மாதம் பரிஸ் நகரில் நடக்கும் மக்கள் சந்திப்பில் ஆணையத் தலைவரை நேரில் காணும்படியும் மின்னஞ்சல் வந்தது. எழுதினேன். போனேன்.

சந்திப்பு கார் து நோர் நிலையத்துக்கு அருகே ஒரு மண்டபத்தில். வாசலில் எங்கள் செருப்புகளைத் தூரிகையால் துடைத்தார்கள், குடாவில் மணல் தட்டும் பழக்கத்துக்காக. தலைவரின் பெயர் பேனாட். வெயிலில் நன்றாக வெந்த முகம். மேடையில் மணல் பரப்பியிருந்தார்கள். அவர் அதை மிதிக்காமல் பலகை ஒன்றின்மேல் நின்று பேசினார்.

"இயற்கைக்கு மூன்று எதிரிகள். சத்தம், நிழல், மனிதன். நிழல் என்றதும் சிலர் வியப்படைவீர்கள். துர்த்தெரெல் குடாவில் நூறு வயதுப் பைன் மரம் ஒன்று இருந்தது. அதன் நிழலில் மக்கள் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தவர்கள் எழும்பவில்லை. நாங்கள் துணிச்சலான முடிவு எடுத்தோம். மரத்தை அகற்றினோம். குடா மூச்சுவிட்டது."

கைதட்டினார்கள்.

"மரம் போனதும் சில்வண்டுகள் போய்விட்டன. பார்வையாளர் ஏமாறலாமா? ஒலிபெருக்கி வைத்தோம். உண்மையில் இது முன்னேற்றம். பழைய வண்டுகளுக்கு நேரம் தெரியாது. எங்கள் வண்டுகள் ஒன்பதுக்குத் தொடங்கி ஆறுக்கு நிறுத்தும்."

ஒரு பெண் எழுந்து உல்லாசப் படகுகளைப் பற்றிக் கேட்டாள்.

"நல்ல கேள்வி. மணலை மிதிப்பவர்தான் பார்வையாளர். படகில் இருப்பவர் மிதிப்பதில்லை. போன ஞாயிறு நானே ஒரு படகில் இருந்தேன். எண்பது மீற்றர் நீளம். அங்கிருந்து பார்த்தபோது இயற்கைக்கு எந்தத் தொந்தரவும் தெரியவில்லை. ஆனால் மணலில் கால் வைக்கும் எவரும் பதிய வேண்டும். அமைச்சராக இருந்தாலும். நானாக இருந்தாலும். என்னுடையதை என் அலுவலகம் பதியும்."

என் முறை வந்தது. பெயரைச் சொன்னேன். மனைவியைப் பற்றிச் சொன்னேன். பேனாட் பலகையின் விளிம்புவரை வந்தார்.

"உங்கள் துயரத்தை ஆணையம் முழுமனதோடு பகிர்ந்துகொள்கிறது. ஆனால் ஒருவருக்கு அனுமதி கொடுத்தால் எல்லோரும் இறந்துகொண்டு வந்துவிடுவார்கள். உங்கள் மனைவி இந்தக் குடாவுக்கு முன்பு வந்திருக்கிறாரா?"

"இல்லை. இடம் கிடைக்கவில்லை."

"பார்த்தீர்களா? பழக்கமே இல்லாத இடம். அவருக்கே அந்நியமாக இருக்கும்." தலையைச் சாய்த்து என்னைக் கனிவோடு பார்த்தார். "உங்கள் நாட்டுப் பக்கத்திலும் அழகான கடற்கரைகள் இருக்கின்றனவே. வெயில்கூட எங்களைவிட அதிகம் அல்லவா?"

சிலர் புன்னகைத்தார்கள். நல்லெண்ணத்தோடுதான். பிறகு அவர் ஆணையத்தின் பத்தாம் ஆண்டு நிறைவை அறிவித்தார். ஜூன் பதினான்கு காலை, துர்த்தெரெல் குடா மணலில், விருந்தினர்களோடு ஒரு மௌன விழா.

அடுத்த வாரம் என் கடிதத்துக்குப் பதில் வந்தது. "மேற்படி நபர் வருகை முடிந்ததும் திரும்பிச் செல்வார் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை. ஆகவே கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது."

இந்த வசனம் எனக்குத் தெரியும். செத்தவீட்டுக்கு வர நிரஞ்சலாவின் அம்மா விசா கேட்டபோது கொழும்பில் இதே வசனத்தைத்தான் கொடுத்தார்கள். வேறு அலுவலகம், வேறு முத்திரை. இரண்டு கடிதங்களையும் ஒரே கோப்பில் வைத்தேன். வைக்கும்போது நெஞ்சில் ஏதோ அசைந்தது. பெப்ரவரிக்குப் பிறகு முதல் தடவை. துக்கம்தான் வந்துவிட்டது என்று நினைத்தேன். இல்லை, கோபம். அதுவும் பரவாயில்லை என்று இருந்தது.

ஆணையத்தின் விதிப் புத்தகம் நூற்றுப் பன்னிரண்டு பக்கம். மூன்று நாள் படித்தேன். எங்கள் தொழிலில் எவரும் அலுவலகத்தோடு சண்டை பிடித்து வென்றதில்லை. அதன் விதிகளை அதைவிடக் கவனமாகப் பின்பற்ற வேண்டும். அவ்வளவுதான்.

கடை பூட்டுமுன் பேர்ளி அக்காவிடமும் றூபனிடமும் ஜூன் பதினான்கு காலையைப் பற்றிச் சொன்னேன்.

"நாப்பது இடமும் எங்களுக்கோ?" அக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"ஓம் அக்கா. நிரஞ்சலாவுக்கு ஒண்டு. மிச்சம் முப்பத்தொன்பது."

"அண்ணை, பதினொரு செக்கனிலை முடிச்சுத் தாறன்," என்றான் றூபன். "பிரிபெக்சர்க்காரன்ர சைற்றோடை மல்லுக்கட்டின எனக்கு உது பால்சோறு."

"ஆனா ஒருத்தரும் பகிடிக்கு வரக் கூடாது. எல்லா விதியும் பாக்க வேணும். முக்கியமா நாலு மணித்தியாலம் வாய் திறக்கக் கூடாது."

றூபன் அக்காவைப் பார்த்தான். "அப்ப அக்கா வரேலாது."

"ஏன்ரா? நான் சேர்ச் பூசையிலை வாய் திறக்கிறனானே?"

"பூசை முடிய முன்னமே வெளியிலை நிண்டு கதைக்கிறனியள்."

"அது வெளியிலை. சும்மா இரடா." அக்கா என் பக்கம் திரும்பினார். குரல் இறங்கியது. "தம்பி, நிரஞ்சலாப் பிள்ளை உப்பிடி வரிசை முறிக்கிறது விரும்பாதெல்லே?"

"விரும்பமாட்டா."

"பிறகு?"

"அவ முறைப்படி மூண்டு வருசம் நிண்டவ அக்கா. இது என்ர முறை."

அக்கா மூக்குக்கண்ணாடியைத் திரும்ப மாட்டினார். பஸ்காரனுக்குத் தொலைபேசி எடுத்தார்.

ஜூன் நான்கு, காலை ஒன்பது மணி. கடையில் எட்டுக் கணினிகள். பதிவுப் படிவம் பெயர், பிறந்த தேதி, செருப்பளவு மூன்றையும் கேட்டது. செருப்பு அவர்கள் தருவார்கள், மணல் வெளியே போகாதிருக்க. ஆள் உயிரோடு இருக்கிறாரா என்று படிவம் கேட்கவில்லை. நிரஞ்சலாவின் பெயரை நானே தட்டினேன். முப்பத்தேழு என்று அளவு கொடுத்தேன். பதினொரு விநாடியில் நாற்பதும் முடிந்தது.

ஆணையத்தில் விருந்தினர்களைப் பதிய வேண்டியவள் ஆரெலி. அவள் கோப்பி எடுத்துக்கொண்டு வந்து ஒன்பது இரண்டுக்குத் திறந்தாளாம். பிறகு கேள்விப்பட்டேன். அவளைக் குறை சொல்ல முடியாது. அவர்கள் ஒருநாளும் வரிசையில் நின்றவர்கள் இல்லை. இரண்டு நிமிடம் எவ்வளவு நீளம் என்று எப்படித் தெரியும்? தலைவரிடம் அவள் ஒன்றும் சொல்லவில்லை. தலைவரை யார் மறிக்கப் போகிறார்கள் என்று நினைத்திருப்பாள்.

அடுத்தது மௌனத் தேர்வு. இணையத்தில் இருபது கேள்விகள். "அலை ஒன்று உங்களை நோக்கி வருகிறது. நீங்கள் (அ) கூவுவீர்கள் (ஆ) குதிப்பீர்கள் (இ) மனதுக்குள் வரவேற்பீர்கள்." எங்கள் ஆட்கள் முப்பத்தொன்பது பேரும் நூற்றுக்கு நூறு எடுத்தார்கள். நிரஞ்சலாவுக்கும் நூறு. அவளுடையதை நான் எழுதினேன். அந்தப் பாடத்தில் அவள் என்னைவிட நன்றாகச் செய்வாள்.

பதின்மூன்றாம் தேதி காலை ரூ காய் தெருமுனையில் பஸ் ஏறினோம். அன்றிரவு மார்செயில் ஒரு தேவாலய மண்டபத்தில் படுத்தோம். மறுநாள் ஒன்பது மணிக்குக் குடாவின் தடுப்புக்கு முன்னால் ஒற்றை வரிசையில் நின்றோம். மணமுள்ள உணவுக்குத் தடை என்பதால் புட்டும் சம்பலும் பஸ்ஸிலேயே இருந்தன. கையில் வெறும் பாண் ரொட்டி மட்டும்.

தடுப்பில் ரோமன் என்ற காவலர் நின்றார். பக்கத்தில் ஒரு மின்பலகை, உள்ளே எத்தனை பேர் என்று காட்டுவதற்கு. ஒவ்வொருவராகப் பெயர் பார்த்து, செருப்புக் கொடுத்து, பொத்தானை அழுத்தினார். முப்பத்தொன்பது வந்தது.

"நாற்பதாவது? நிரஞ்சலா?"

நான் பையைத் திறந்து கலசத்தைக் காட்டினேன். அவளுடைய அட்டையையும் பதிவையும் தேர்வுச் சான்றிதழையும் கொடுத்தேன். ரோமன் எல்லாவற்றையும் படித்தார். கலசத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து, முப்பத்தேழாம் அளவுச் செருப்பு ஒரு சோடியை எடுத்து என் கையில் தந்தார்.

"என் அப்பா இந்தக் குடாவில் மீன் பிடித்தவர்," என்றார் மெதுவாக. "அவருக்கும் அனுமதி கிடைக்கவில்லை."

பொத்தானை அழுத்தினார். நாற்பது.

பத்தரைக்கு பேனாட் வந்தார். வெள்ளை உடுப்பில் முப்பது விருந்தினர்கள். நாங்கள் மணலில் வரிசையாக உட்கார்ந்து மனதுக்குள் அலைகளை வரவேற்றுக்கொண்டிருந்தோம். காற்றில் அங்கே நடந்த பேச்சு எல்லாம் கேட்டது.

"காலை வணக்கம் ரோமன். திற."

"பதிவு எண், ஐயா?"

"நான் பேனாட்."

"தெரியும் ஐயா. எண்?"

"என் அலுவலகம் பதிந்திருக்கும்."

"பதியவில்லை. நாற்பது நிறைந்துவிட்டது. உங்கள் மௌனச் சான்றிதழும் போன வருடம் காலாவதியாகிவிட்டது."

பேனாட் சிரித்தார். ரோமன் சிரிக்கவில்லை. பேனாட்டும் நிறுத்தினார்.

"உள்ளே இருப்பவர்கள் யார்?"

"பார்வையாளர்கள்."

"எல்லோருமா? நான் பத்து வருடம் பாடுபட்டு இந்த இடத்தைக் காப்பாற்றியது இவர்களைப் போன்ற..." அவர் நிறுத்தினார். விருந்தினர்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இவர்களைப் போன்ற, ஐயா?"

"நாற்பது பேரிடமிருந்து," என்றார் பேனாட். "விதி சாதாரண மக்களுக்கானது. நான் விதியை எழுதியவன். எழுதியவனுக்கே விதி என்றால் எவன் எழுதுவான்?"

"உரத்துப் பேச வேண்டாம் ஐயா. உள்ளே மௌனம் கடைப்பிடிக்கிறார்கள்."

நிற்க நிழல் இருக்கவில்லை. ஒலிபெருக்கி வண்டுகள் கத்தின. பேனாட் என்னைக் கண்டுபிடித்துவிட்டார். தடுப்புக்கு மேலாக எட்டிக் கையை ஆட்டி, "மிஸ்யு! மிஸ்யு!" என்று கூப்பிட்டார். நான் விரலை உதட்டில் வைத்துக் காட்டினேன். ஒரு மணித்தியாலத்தில் விருந்தினர்கள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். கடைசியாக ஒரு பெரியவர் தொப்பியை எடுத்துக்கொண்டு போனார். பேனாட் மட்டும் நின்றார். அவர் வேர்த்துக்கொண்டு நிற்பதை நான் ஆறுதலாகப் பார்த்தேன். எனக்கு அவசரம் இல்லை.

பிறகு எழுந்தேன். அவளுடைய செருப்பைத் தண்ணீர் விளிம்பில் வைத்தேன். முழங்கால்வரை இறங்கிக் கலசத்தைத் திறந்தேன். சாம்பல் நான் நினைத்ததைவிடப் பாரம். பாதி உடனே அடியில் போய் மணலோடு இருந்தது. மிச்சம் காய்ந்த கடற்புல்லோடு கொஞ்ச நேரம் என் காலைச் சுற்றி மிதந்தது. தண்ணீர் குளிர்ந்தது. படத்தில் குளிர் தெரியவில்லை.

திரும்பிப் பார்த்தேன். பேர்ளி அக்கா சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்து வைத்திருந்தார். தோள் குலுங்கியது. சத்தம் வரவில்லை. முப்பத்தெட்டுப் பேரிலும் எவரும் சத்தம் போடவில்லை. எங்கள் ஆட்களின் செத்தவீடு ஒன்று இப்படி நடந்ததாக நான் அறியேன்.

ஒரு மணிக்கு வெளியேறினோம். ரோமன் ஒவ்வொருவராகக் கையெழுத்து வாங்கிப் பொத்தானை அழுத்தினார். கடைசியாக நான். பலகை ஒன்று என்று காட்டியது.

"உள்ளே ஒருவர் இருக்கிறார்," என்றார் ரோமன்.

"ஓம்," என்றேன். தமிழில்தான் வந்தது. அவருக்கு விளங்கியது.

பலகை பூச்சியத்துக்கு வராமல் அடுத்த நாற்பது பேருக்குத் தடுப்புத் திறக்காது. வெளியேறுகிறவர் தானே கையெழுத்திட்டால்தான் எண் குறையும். வேறு எவரும் மாற்ற முடியாதபடி செய்து தரவேண்டும் என்று ஆணையமே கேட்டு வாங்கிய இயந்திரமாம். மாலை ஆட்கள் திரும்பிப் போனார்கள். மறுநாள் ஆட்களும் போனார்கள். சுழியோடிகள் இரண்டு நாள் தண்ணீருக்குள் மூழ்கித் தேடினார்கள். குடாவில் ஒருவர் தனித்திருக்கும்போது எந்தப் படகும் முந்நூறு மீற்றருக்குள் வரக் கூடாது என்று எழுபத்தோராம் பக்கம் சொல்கிறது. எண்பது மீற்றர்ப் படகுகளும் விலகிப் போயின.

நிரஞ்சலாவின் பெயருக்குக் கடிதங்கள் வரத் தொடங்கின. முதலாவது, தங்கியதற்கு நன்றி சொன்னது. இரண்டாவது, நான்கு மணித்தியாலம் கடந்துவிட்டதை நினைவூட்டியது. ஐந்தாவது, அவளுக்கு நல்ல பழக்கவழக்கம் இருப்பதாகத் தாம் நம்புவதாகச் சொன்னது.

ஜூலை நடுவில் பேனாட் கடைக்கு வந்தார். பேர்ளி அக்கா அவரைக் காத்திருப்போர் வாங்கில் இருத்தினார். அவருக்கு முன்னால் நான்கு பேர். ஒருவருக்குப் பிள்ளைகளுக்கான அரச உதவிப்பணக் கடிதம், மற்றவர்களுக்கு வேறு வேறு. ஒன்றரை மணித்தியாலம் கழித்து என் மேசைக்கு வந்தார். முகம் வெளுத்திருந்தது.

ஒரு தாளை முன்னால் வைத்தார். "கீழே கையெழுத்திடும் நிரஞ்சலாவாகிய நான், ஜூன் பதினான்கு அன்று துர்த்தெரெல் குடாவை விட்டு வெளியேறினேன்." அதன்கீழே, கணவர் அவர் சார்பில் ஒப்பமிடலாம் என்று கையால் எழுதி முத்திரை குத்தியிருந்தது.

"ஆணையம் விசேஷமாகக் கூடி இந்த விலக்கை அளித்திருக்கிறது," என்றார். "வரலாற்றில் முதல் தடவை. பாறையில் அவர் பெயரைப் பொறிக்கவும் தயார். பதினைந்து சென்ரிமீற்றர்வரை."

பேனாவை எடுத்தேன். என் வேலையே இதுதான். ஒன்பது வருடத்தில் ஒரு படிவத்தையும் நான் நிரப்பாமல் திருப்பியதில்லை. தாளைத் திரும்ப வாசித்தேன்.

"அவள் வெளியேறவில்லை," என்றேன்.

"இது வெறும் சம்பிரதாயம், மிஸ்யு."

"இருக்கலாம். அவள் வெளியேறவில்லை."

"இந்தக் கோடையே போய்விடும். அமைச்சு என்னை மாற்றப் போகிறது. உங்களுக்கு உண்மையில் என்ன வேண்டும்? சொல்லுங்கள்."

"ஒன்றும் வேண்டாம்."

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கேட்டால் மறுக்கத் தெரிந்தவர். கேட்காதவனை என்ன செய்வதென்று அவருடைய நூற்றுப் பன்னிரண்டு பக்கத்திலும் இல்லை. கடைசியில் தாளை மடித்து எழுந்தார்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. வாசலில் நின்று சட்டைக் கொலரைத் தூக்கிவிட்டார். அவரிடம் குடை இல்லை. எங்கள் கடையில் மூலையில் நான்கு குடைகள் இருந்தன, வாடிக்கையாளர் மறந்துவிட்டுப் போனவை.

"தம்பி, ஒண்டைக் குடுக்கட்டே?" என்றார் பேர்ளி அக்கா.

"வேண்டாம் அக்கா," என்றேன். "அடுத்த ஆளை வரச் சொல்லுங்கோ."